கடல் தாயைக் காணப் போகிறவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

தைவான் தீவில் மாட்சு என்னும் கடல் தெய்வத்துக்குக் கோயில்கள் நிறைந்திருப்பதைப் பற்றிச் சென்ற இதழில் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதையொட்டி வந்த கடிதங்கள் இந்த இதழின் பத்தி முழுவதையும் எடுத்துக்கொண்டுவிட்டன. பலர் ஒரே செய்தியைக் கேட்டிருந்தால், அவற்றுள் ஒரு கடிதத்தை மட்டும் இங்கே தந்திருக்கிறேன்.

கேள்வி: எங்கள் மகன் தைவானின் சின்சு நகரில் வேலை பார்க்கிறான். வரும் கோடையில் நானும் என் கணவரும் அவனோடு சில நாள் தங்கப் போகிறோம். அவனுக்கு விடுப்பு அதிகம் கிடைக்காது என்பதால் ஒரே ஒரு மாட்சு கோயிலைத்தான் பார்க்க முடியும். எதைப் பார்ப்பது, எப்படிப் போவது என்று சொல்வீர்களா?
– வாசகி, சேலம்

பதில்: ஒன்றே ஒன்று என்றால் நான் தயங்காமல் லூகாங் ஊரின் தியென்ஹோ கோயிலைச் சொல்வேன். தைனான் நகரத்து மாட்சு கோயில் ஒரு காலத்தில் இளவரசர் ஒருவரின் அரண்மனையாக இருந்தது. பெய்காங் கோயிலில் பக்தர் கூட்டத்தின் வேகம் அதிகம். தாஜியா கோயில் தன் பாதயாத்திரையால் உலகப் புகழ் பெற்றது. ஆயினும், கோயிலும் அதைச் சுற்றி எழுந்த பழைய துறைமுக ஊரும் ஒன்றைவிட்டு ஒன்று பிரியாமல் இன்றுவரை சேர்ந்தே இருப்பதை லூகாங்கில் பார்ப்பது போல வேறெங்கும் பார்ப்பது அரிது.

மேற்குக் கரையின் நடுப்பகுதியில், சாங்குவா மாவட்டத்தில் இருக்கும் இந்த ஊர், 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் தீவின் இரண்டாவது பெரிய நகரமாக விளங்கியது. 'முதலாவது தைனான், இரண்டாவது லூகாங், மூன்றாவது மோங்கா' என்று தைவானியர் இன்றும் வாய்ப்பாடாகச் சொல்வார்கள். மோங்கா என்பது இப்போதைய தாய்பெய் நகரத்தின் பழைய பகுதி. 1784இல், அப்போது சீனத்தையும் தைவானையும் ஆண்ட சிங் மரபு அரசு சீனத்தின் சுவான்சோ கரையிலுள்ள ஹான்ஜியாங் துறையோடு லூகாங் நேரடியாக வாணிகம் செய்ய இசைவு தந்தது. அரிசி அக்கரைக்குப் போக, துணியும் கருங்கல்லும் மரமும் இக்கரைக்கு வந்தன. பிறகு ஆற்று மண் துறைமுகத்தை மூடத் தொடங்கியது. அடுத்துத் தைவானை ஆண்ட ஜப்பானியர் 1908இல் கட்டி முடித்த வடக்கு–தெற்கு இருப்புப்பாதையும் லூகாங்கைத் தொடாமல் சாங்குவா வழியாகப் போய்விட்டது. வணிகருக்கு அது பேரிழப்பு. ஆனால் இடித்துக் கட்டுவதற்கு வேண்டிய பணம் ஊருக்குள் வராமற்போனதால்தான் பழைய தெருக்கள் பிழைத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்றும் லூகாங்குக்கு இரயில் நிலையம் கிடையாது. சின்சுவிலிருந்து அதிவேக இரயிலில் ஏறினால் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் தாய்ச்சுங் நிலையம் வந்துவிடும். அங்கிருந்து லூகாங்குக்குச் சுற்றுலாப் பேருந்து உண்டு. சாதாரண இரயிலில் சாங்குவா வரை வந்து, நிலையத்தருகே நகரப் பேருந்து பிடிப்பது இன்னொரு வழி. வார நாளில் காலை வேளையில் போய்ச் சேர்வது நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற ஊர்க் கோயில்களின் குழுக்கள் தத்தம் தெய்வச் சிலைகளைப் பல்லக்கில் ஏற்றிக்கொண்டு, மேளமும் பட்டாசுமாக வந்து இறங்கும்; கூட்டமும் சத்தமும் பிடிக்குமானால் ஞாயிறையே தேர்ந்தெடுங்கள், திருவிழாக் கோலத்தையும் சேர்த்துப் பார்க்கலாம். அதே ஊரில், நடந்து போகும் தூரத்தில், பௌத்தரின் கருணைத் தெய்வமான குவான்யினுக்கு உரிய லுங்ஷான் கோயில் இருக்கிறது. மரவேலைப்பாட்டில் அது தியென்ஹோ கோயிலை விஞ்சுவது என்பது என் எண்ணம், அதையும் விட்டுவிடாதீர்கள். நுழைவிசைவு விதிகள் அவ்வப்போது மாறுவதால், சென்னையிலுள்ள தாய்பெய் பொருளாதார, பண்பாட்டு மையத்தில் விசாரித்துக்கொண்டு பயணச்சீட்டு வாங்குங்கள்.

கேள்வி: மாட்சு என்பவர் உண்மையில் வாழ்ந்த பெண்ணா, அல்லது புராணத் தெய்வமா?
– வாசகர், காரைக்கால்

பதில்: வாழ்ந்த பெண் என்றுதான் மரபு உறுதியாகச் சொல்கிறது. சீனத்தின் ஃபூஜியான் மாநிலத்தில், புதியான் பகுதிக்கு எதிரே இருக்கும் மேய்சோ தீவில் லின் என்னும் குடும்பத்தில் 960ஆம் ஆண்டு, சந்திர நாட்காட்டியின் மூன்றாம் மாதம் 23ஆம் நாள் பிறந்தார் என்றும், பிறந்து ஒரு மாதம் வரை அழவே இல்லை என்பதால் 'மௌனம்' என்று பொருள்படும் மோ என்ற பெயரை வைத்தார்கள் என்றும், 987இல் மணமாகாதவராகவே மறைந்தார் என்றும் சொல்வார்கள். புயல் நாட்களில் சிவப்பு ஆடை உடுத்திக் கரையில் நின்று படகுகளுக்கு வழி காட்டினார் என்பது ஒரு கதை. தறியில் அமர்ந்திருந்தபோது தன்னை மறந்த நிலையில் கடலுக்குப் போய், கவிழ்ந்த படகிலிருந்து தந்தையையும் உடன்பிறந்தாரையும் மீட்டுக்கொண்டிருந்தார் என்பதும், தாய் பதறி அவரை உலுக்கி எழுப்பியதால் ஒருவர் மட்டும் கைநழுவி மூழ்கிவிட்டார் என்பதும் இன்னொரு கதை. மூழ்கியவர் தந்தையா அண்ணனா என்பது கதை சொல்லும் ஊரைப் பொறுத்து மாறும்.

ஊர்த் தெய்வமாக இருந்தவர் அரசின் தெய்வமானது படிப்படியாக நடந்தது. கொரியாவுக்குச் சென்ற தூதுக்குழுவின் கப்பல் புயலில் தப்பியது இவர் அருளால்தான் என்று தூதர் அறிவித்ததன் பேரில், 1123இல் சோங் மரபுப் பேரரசர் இவர் கோயிலுக்குப் பெயர்ப்பலகை ஒன்றை அளித்தார். அதன்பின் யுவான் ஆட்சியில் 'விண்ணக அரசி' என்னும் பட்டமும், சிங் ஆட்சியில் அதனினும் உயர்ந்த 'விண்ணகப் பேரரசி' என்னும் பட்டமும் கிடைத்தன. தியென்ஹோ என்பது அந்தக் கடைசிப் பட்டம். வேறொரு நாட்டவர் இதைப் படித்தால், இறந்துபோன ஒருவருக்கு அரசு பதவி உயர்வு கொடுத்துக்கொண்டே போவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் சீனப் பேரரசு விண்ணுலகையும் ஓர் அரசாங்கமாகவே கருதியது. மக்களிடம் செல்வாக்குப் பெற்ற தெய்வத்தைத் தன் ஏட்டில் பதிந்துகொண்டால் அந்தச் செல்வாக்கு அரசுக்கும் துணையாகும் என்பதை அது நன்கு உணர்ந்திருந்தது. மக்களோ பட்டங்களைக் கோயில் பலகையில் விட்டுவிட்டு, வீட்டுப் பாட்டியை அழைப்பதுபோல மாட்சு என்றே அழைக்கிறார்கள்.

கேள்வி: சீனக் கரையின் தெய்வம் தைவானுக்கு எப்படி வந்தார்? லூகாங் சிலையின் முகம் கறுப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: குடியேறியவர்களோடு வந்தார் என்பதே சுருக்கமான விடை. ஃபூஜியான் கரைக்கும் தைவானுக்கும் இடையே இருக்கும் நீரிணை அகலத்தில் பெரிதன்று. குறுகிய இடத்தில் சுமார் 130 கிலோமீட்டர்தான். ஆனால் நடுவில் ஓடும் வேகமான நீரோட்டத்தைக் 'கருநீர்ப் பள்ளம்' என்று அஞ்சி அழைத்தார்கள். 'பத்துப் பேர் புறப்பட்டால் ஆறு பேர் சாவார்கள், மூன்று பேர் தங்குவார்கள், ஒருவர் திரும்புவார்' என்பது அக்காலத்து வழக்கு. சிங் அரசு நெடுங்காலம் குடியேற்றத்துக்குக் கட்டுப்பாடு விதித்து, குடும்பத்தை அழைத்துச் செல்வதையும் தடுத்து வந்ததால், கள்ளத்தனமாகப் பழுதுபட்ட படகுகளில் ஏறியவர்களே மிகுதி. அப்படிக் கிளம்பியவர்கள் ஊர்க் கோயிலிலிருந்து ஒரு சிறு சிலையையோ, அதுவும் கிடைக்காவிட்டால் தூபக் கலசத்துச் சாம்பலைப் பொட்டலமாகக் கட்டியோ எடுத்துக்கொண்டு ஏறினார்கள். நம் ஊர்ப் பக்கத்தில் குலதெய்வக் கோயிலில் பிடிமண் எடுத்துப் போய், குடியேறிய இடத்தில் புதுக் கோயில் எழுப்புவது போன்றதுதான் இது. சாம்பல் போன இடமெல்லாம் கிளைக்கோயில். அந்தக் கிளையிலிருந்து சாம்பல் எடுத்துப் போன இடத்தில் கிளைக்குக் கிளை. ஆண்டுக்கொருமுறை கிளைக்கோயில் தெய்வம் தாய்க்கோயிலுக்கு வந்து, அங்கே எரியும் தூபத்தைப் பெற்றுச் சென்றால்தான் அதன் ஆற்றல் புதுப்பிக்கப்படும் என்பது நம்பிக்கை. அந்தப் பயணத்தை 'பிறந்த வீட்டுக்குப் போவது' என்றே சொல்கிறார்கள். முன்சொன்ன ஞாயிற்றுக்கிழமைப் பல்லக்குகளின் கணக்கு இதுதான்.

லூகாங் சிலையின் வரலாறு மற்றவற்றிலிருந்து சற்று மாறுபட்டது. 1683இல் சிங் கடற்படைத் தளபதி ஷி லாங், பெங்ஹூ தீவுகளுக்கு அருகே நடந்த போரில் வென்று தைவானைக் கைப்பற்றினார். வெற்றி மாட்சுவின் அருளால் கிடைத்தது என்று அவரே பேரரசருக்குத் தெரிவித்தார். படையெடுப்பின்போது மேய்சோ தாய்க்கோயிலிலிருந்து அவர் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்த சிலைதான் பின்னர் லூகாங்கில் தங்கியது என்று அக்கோயில் வழிவழியாகச் சொல்லி வருகிறது. இதனால்தான் லூகாங் தன்னை வெறும் கிளையாகக் கருதாமல், மேய்சோவிலிருந்து நேரே வந்த மூத்த சிலையின் இருப்பிடமாகக் கருதுகிறது. வேறு சில கோயில்களும் இதே உரிமையைக் கோருவதால் உறவுமுறையில் யார் மூத்தவர் என்னும் வழக்கு என்றுமே தீராது. இப்போதுள்ள இடத்துக்குக் கோயில் வந்தது 1725இல். நிலத்தை அளித்தவர் ஷி ஷிபாங். சாங்குவா சமவெளியைப் பெரும் நெல்விளை நிலமாக்கிய பாபாவோ வாய்க்காலை 1719இல் வெட்டி முடித்தவரும் அவரே. எனவே லூகாங்கில் கப்பலேறிய அரிசிக்கும் கப்பலைக் காத்த தெய்வத்துக்கும் கொடையாளர் ஒருவர்தான்.

கறுத்த முகத்துக்குக் காரணம் புகை. நூற்றாண்டுக் கணக்கில் ஊதுபத்தியின் புகை படிந்து, இளஞ்சிவப்பாக இருந்த முகம் கரியாகிவிட்டது என்கிறார்கள். அதைத் துடைத்து மீண்டும் வண்ணம் பூச யாரும் நினைப்பதில்லை. எத்தனை பேர் எவ்வளவு காலம் வந்து வேண்டினார்கள் என்பதற்கு அந்தக் கறுப்பே சான்று என்று பெருமையோடு காட்டுகிறார்கள்.

கேள்வி: அங்கே வழிபடும் முறை என்ன? தேங்காய், கற்பூரம் கொண்டுபோகலாமா? சாமியிடம் உத்தரவு கேட்கும் வழக்கம் இருப்பதாகப் படித்தேன். வெளியூர்க்காரர்களும் கேட்கலாமா?
– வாசகி, மதுரை

பதில்: முதலில், செருப்பைக் கழற்ற வேண்டாம். நம்மவர் பலர் வாசலில் கழற்றிவிட்டு, வைக்க இடம் தேடித் தடுமாறுவார்கள். அங்கே எல்லோரும் காலணியோடுதான் உள்ளே போகிறார்கள். ஆனால் வாசல் நிலையின் அடிக்கட்டையை மிதிக்கக் கூடாது, தாண்டித்தான் போக வேண்டும். கோயிலைப் பார்த்து நிற்கும்போது நமக்கு வலப்புறம் இருப்பது நாகத்தின் பக்கம், இடப்புறம் புலியின் பக்கம். நாகத்தின் பக்கம் நுழைந்து புலியின் பக்கம் வெளியேற வேண்டும். நடுவாசல் தெய்வத்துக்கு உரியது. நுழைவுக் கட்டணம் ஏதும் இல்லை.

தேங்காயும் கற்பூரமும் அங்கே வழக்கமில்லை. பழம், பூ, இனிப்பு ரொட்டி ஆகியவற்றைத் தட்டில் வைத்து மேசையில் படைக்கிறார்கள். வழிபாடு முடிந்ததும் அதை நாமே எடுத்துக்கொண்டு வரலாம். கொய்யாவும் தக்காளியும் மட்டும் ஆகாது. ஊதுபத்தியை முதலில் முற்றத்தில் வானத்தை நோக்கி, விண்ணுலக வேந்தருக்குக் காட்டிவிட்டு, அதன்பின்பே மாட்சுவின் கருவறை முன் நிற்க வேண்டும். புகை மாசைக் கருதிப் பத்திகளின் எண்ணிக்கையைப் பல கோயில்கள் குறைத்துவிட்டன. தாய்பெய் நகரத்துச் சிங்தியன் கோயில் 2014இல் ஊதுபத்தியையே அடியோடு நிறுத்திவிட்டது. ஆகவே எத்தனை பத்தி என்பதை அங்குள்ளவர்களைப் பார்த்துச் செய்வதே நல்லது. வேண்டும்போது பெயர், பிறந்த தேதி, முகவரி ஆகிய மூன்றையும் மனத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். வேண்டுதலைக் கேட்ட தெய்வம் எந்த வீட்டுக்கு வர வேண்டும் என்று தெரியாமல் திகைக்கக் கூடாது அல்லவா? சேலமோ மதுரையோ, கதவு எண்ணோடு சொல்லுங்கள்.

உத்தரவு கேட்பதை யாரும் செய்யலாம், மதமோ நாடோ தடையில்லை. பிறை வடிவில் செதுக்கிச் சிவப்பு பூசிய இரண்டு கட்டைகள் இருக்கும். மூங்கில் வேரிலோ மரத்திலோ செய்தவை. ஒவ்வொன்றும் ஒருபுறம் தட்டை, மறுபுறம் புடைப்பு. மண்டியிட்டு, 'ஆம்' அல்லது 'இல்லை' என்று விடை வரத்தக்க ஒரே ஒரு கேள்வியை மனத்தில் நிறுத்தி, இரண்டையும் மார்பளவில் ஏந்தித் தரையில் விட வேண்டும். ஒன்று தட்டையாகவும் ஒன்று புடைப்பாகவும் விழுந்தால் சம்மதம். இரண்டும் புடைப்பு மேலே தெரிய விழுந்தால் சம்மதமில்லை. இரண்டும் தட்டை மேலே தெரிய விழுந்தால் தெய்வம் சிரிக்கிறது என்று கொள்வார்கள்; கேள்வி தெளிவாக இல்லை, அல்லது விடை உனக்கே தெரியும் என்பது அதன் கருத்து. பெரிய காரியங்களுக்கு மூன்று முறை தொடர்ந்து சம்மதம் வர வேண்டும் என்று வைத்துக்கொள்கிறார்கள்.

விரிவான விடை வேண்டுவோர், குடுவையில் நிற்கும் எண்ணிட்ட மூங்கில் குச்சிகளில் ஒன்றை உருவி, அந்தக் குச்சிதானா என்று கட்டைகளைப் போட்டு உறுதி செய்துகொண்டு, அதே எண்ணுள்ள இழுப்பறையிலிருந்து ஒரு சீட்டை எடுக்கிறார்கள். மாட்சு கோயில்களில் பெரும்பாலும் அறுபது சீட்டுகள் கொண்ட தொகுதி இருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு நான்கு வரிச் செய்யுள். அதன் பொருளைச் சொல்ல ஆளும் இருப்பார். கட்டைகள் ஓட்டுத் தரையில் விழுந்து எழுப்பும் 'டக்' என்ற ஓசை மண்டபத்தின் ஏதாவது ஒரு மூலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும். தேர்வு எழுதப் போகும் பிள்ளைகளும், கடை திறக்கப் போகிறவர்களும், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருப்பவர்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். கப்பலைப் பற்றிக் கேட்பவர் இப்போது குறைவு. கடல் மண்மேடிட்டு ஊரைவிட்டுப் பின்வாங்கிய பிறகும் கடல் தெய்வத்தின் வாசலில் கூட்டம் குறையாததற்கு இதைவிட வேறு விளக்கம் தேவையில்லை என்று நினைக்கிறேன்: வேலை மாறியது, வேண்டுபவர்கள் மாறவில்லை.

கேள்வி: சிற்பத்திலும் கட்டடக் கலையிலும் எனக்கு ஈடுபாடு உண்டு. அந்தக் கோயிலில் எவற்றை நின்று பார்க்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில் வெளியே நின்று கூரையைப் பாருங்கள். முகட்டின் இரு முனைகளும் தகைவிலான் குருவியின் வால்போல் இரண்டாகப் பிளந்து மேலே வளைந்திருக்கும். அதன்மேல் நிறைந்திருக்கும் நாகங்களும் வீரர்களும் பூக்களும் தூரத்தில் பார்க்கும்போது சுதையில் செய்து வண்ணம் தீட்டியவைபோலத் தெரியும். அருகில் எடுத்த படத்திலோ, நல்ல தொலைநோக்கியிலோ பார்த்தால் ஒவ்வொரு செதிலும் தனித்தனிப் பீங்கான் சில்லு என்பது புலப்படும்; வண்ணக் கிண்ணங்களை உடைத்து, இடுக்கியால் வேண்டிய வடிவுக்கு நறுக்கி, ஈரச் சாந்தின்மேல் ஒவ்வொன்றாகப் பதிப்பது அந்த வேலை. வெயிலில் வண்ணம் வெளுக்காது, கடற்காற்றின் உப்பும் எளிதில் அரிக்காது.

வாசலில் நாகம் சுற்றிய கருங்கல் தூண்கள். உள்ளே நுழைந்து சற்று நடந்ததும் தலையை நிமிர்த்தினால், எண்கோண விதானம் ஒன்று சிலந்திவலைபோல அடுக்கடுக்காகக் குவிந்து மேலேறும். சிறு சிறு மரக்கட்டைகளை ஒன்றன் வாயில் ஒன்றைச் செருகி எழுப்பியது அது. கீழே நின்று மையத்தையே பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல், ஓரத்துத் தாங்குகட்டைகளின் முனைகளையும் கவனியுங்கள். அங்குதான் தச்சர் தம் விருப்பம்போல விளையாடியிருப்பார். தைவான் கோயில்களில் உத்தரத்தின் மூலையைத் தோளில் தாங்கி, கண் பிதுங்க உட்கார்ந்திருக்கும் அயல்நாட்டு ஆளின் உருவம் ஒன்று அடிக்கடி வரும். 17ஆம் நூற்றாண்டில் தைவானின் ஒரு பகுதியை ஆண்ட டச்சுக்காரர்களைக் கேலி செய்ய வைத்தது என்பது மக்கள் தரும் விளக்கம். அது எவ்வளவு சரியோ, அந்த முகங்களைப் பார்த்தால் நம்பத் தோன்றும்.

கருவறைக்கு முன் இருபுறமும் நிற்கும் காவலர் இருவர். ஒருவர் கையை நெற்றிக்கு மேல் குடையாக வைத்துத் தொலைவை நோக்குவார். ஆயிரம் காதத்துக்கு அப்பால் பார்க்கும் சியான்லியன் அவர். இன்னொருவர் காதருகே கை வைத்திருப்பார். காற்றில் வரும் ஒலியெல்லாம் கேட்கும் ஷுன்ஃபங்கர். கொடுமை செய்து திரிந்த இருவரையும் மாட்சு அடக்கித் தம் பணிக்கு எடுத்துக்கொண்டார் என்பது கதை. கடலில் இருப்பவனுக்கு வேண்டியதும் அதுவே: தொலைவில் தத்தளிப்பவனைப் பார்க்க ஒரு கண், அவன் கூக்குரலைக் கேட்க ஒரு காது.

இப்போது காணும் கட்டடத்தின் பெரும்பகுதி ஜப்பானியர் ஆட்சிக்காலத்தில், 1936இல் நிறைவுற்ற திருப்பணியில் உருவம் பெற்றது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். பழைய கோயில் என்றால் பழைய மரம் என்று பொருளன்று. அந்த நாட்டின் ஈரத்திலும் புயலிலும் நிலநடுக்கத்திலும் மரக்கட்டடத்தைத் திரும்பத் திரும்பப் புதுக்கினால்தான் அது நிற்கும்.

கேள்வி: தைவானின் மிகப் பழைய மாட்சு கோயில் லூகாங் கோயிலா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இல்லை. லூகாங் கோயிலார் 1591 என்ற ஆண்டைச் சொன்னாலும், பொதுவாக மிகப் பழையது என்று ஏற்கப்படுவது நீரிணையின் நடுவே இருக்கும் பெங்ஹூ தீவுகளின் மாகோங் நகரக் கோயில். 1604இல் அங்கே வந்திறங்கிய டச்சுக் கப்பல் தலைவரை, மிங் படைத்தலைவர் ஷென் யோரோங் பேச்சிலேயே திருப்பி அனுப்பியதைப் பதிவு செய்த கல்வெட்டு, 1919இல் அந்தக் கோயிலைப் பழுதுபார்த்தபோது மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தது. தைவானில் கிடைத்த சீனக் கல்வெட்டுகளில் அதுவே மூத்தது. அந்த நகரத்தின் பெயரே மாட்சு கோயிலிலிருந்து பிறந்ததுதான்.

கேள்வி: சிங்கப்பூரில் தெலுக் ஆயர் தெருவிலுள்ள தியான் ஹோக் கெங் கோயிலைத் தினமும் கடந்து வேலைக்குச் செல்கிறேன். அதுவும் இதே தெய்வத்தின் கோயில்தானே? தமிழர்களுக்கும் மாட்சு வழிபாட்டுக்கும் ஏதேனும் தொடர்பு இருந்திருக்கிறதா?
– வாசகர், சிங்கப்பூர்

பதில்: அதே தெய்வம்தான். ஃபூஜியானிலிருந்து வந்தவர்கள் 1839இல் தொடங்கி 1842இல் கட்டி முடித்த கோயில் அது. கடலைத் தூர்த்து நிலமாக்குவதற்கு முன் அந்தத் தெருதான் கடற்கரை. கப்பலிலிருந்து இறங்கியவர்கள் உயிரோடு வந்து சேர்ந்ததற்கு நன்றி சொல்லும் இடமாக அது இருந்தது. அதே தெருவில் சில எட்டு தொலைவில் இருக்கும் நாகூர் தர்காவை நீங்கள் பார்த்திருப்பீர்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம்கள், கடலில் காப்பவர் என்று போற்றிய நாகூர் ஷாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக 1828 முதல் 1830 வரை அதை எழுப்பினார்கள். இரண்டு கரைகளிலிருந்து வந்த மாலுமிகள், ஒரே துறையில், ஒரே நன்றியைத் தத்தம் வழியில் செலுத்தியிருக்கிறார்கள்.

இதற்கும் முந்தைய தொடர்பு ஒன்று இலங்கையில் இருக்கிறது. காலி நகரில் 1911இல் கண்டெடுக்கப்பட்டு இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கும் மும்மொழிக் கல்வெட்டு, 1409ஆம் ஆண்டைக் குறிக்கிறது; சீனத் தளபதி செங் ஹே வைத்தது. அதன் சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தென்னிலங்கைக் கோயில் தெய்வமான தேனவரை நாயனாருக்கும், பாரசீகப் பகுதி அல்லாவுக்கும் அளித்த காணிக்கைகளைச் சொல்கிறது. மாட்சுவின் பெயர் அதில் இல்லை. ஆனால் இதே செங் ஹே 1431இல் ஃபூஜியானின் சாங்லே ஊரில் மாட்சுவுக்கு நன்றி கூறி நாட்டிய கல்வெட்டில், இலங்கை மன்னர் தம் கடற்படைக்கு எதிராகச் செய்த சூழ்ச்சி இந்தத் தெய்வத்தின் அருளால் வெளிப்பட்டது என்றும், அதனால் அந்த மன்னரைச் சிறைபிடிக்க முடிந்தது என்றும் எழுதினார். இலங்கைக் கரையில் மூன்று சமயத்தாருக்கும் காணிக்கை செலுத்திய அதே பயணத்தின் வெற்றிக்கு, ஊர் திரும்பியபின் அவர் கணக்கு ஒப்புவித்தது மாட்சுவிடம். செங் ஹே பிறப்பால் சீனத்தின் யுனான் மாநிலத்து முஸ்லிம் குடும்பத்தைச் சேர்ந்தவர் என்பதையும் இதோடு வைத்துப் பார்த்தால், கடலோடிகளின் சமயத்தைக் கரையில் இருப்பவர்கள் வகுத்த எல்லைகளுக்குள் அடக்க முடியாது என்பது விளங்கும்.

கேள்வி: மாட்சு பாதயாத்திரையில் அயல்நாட்டவர் கலந்துகொள்ளலாமா? எப்போது நடக்கிறது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: கலந்துகொள்ளலாம். புகழ்பெற்ற யாத்திரை தாஜியா ஊரின் ஜென்லான் கோயிலிலிருந்து புறப்படுவது. ஒன்பது நாள், எட்டு இரவு. தாய்ச்சுங், சாங்குவா, யுன்லின், சியாயி ஆகிய பகுதிகளைக் கடந்து சின்காங் ஊரின் ஃபெங்தியன் கோயிலுக்குப் போய்த் திரும்பும் தூரம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். புறப்படும் நாளும் நேரமும் ஆண்டுதோறும் சீனப் புத்தாண்டை அடுத்து வரும் விளக்குத் திருவிழா அன்று, முன்சொன்ன பிறைக் கட்டைகளைப் போட்டுக் கேட்டே முடிவாகும். பெரும்பாலும் மார்ச்சு, ஏப்ரல் மாதங்களில் அமையும். வழிநெடுக ஊரார் சோறும் நீரும் பழமும் இலவசமாகத் தருவார்கள், மறுத்தால் வருத்தப்படுவார்கள். பல்லக்கு வரும் பாதையில் மக்கள் வரிசையாகக் குப்புறப் படுத்துக்கொள்ள, பல்லக்கு அவர்கள் முதுகின் மேலாகக் கடந்து போகும். நோயும் பீடையும் அதனோடு கழியும் என்பது நம்பிக்கை. முழுத் தூரம் நடக்க இயலாதவர்கள் ஒரு நாள் மட்டும் நடந்துவிட்டுப் பேருந்தில் திரும்பிவிடலாம். அதில் தவறு காண்பவர் யாருமில்லை.

வடக்கே பாய்ஷாதுன் ஊரிலிருந்து புறப்படும் இன்னொரு யாத்திரை உண்டு. அதில் பாதை முன்கூட்டியே முடிவு செய்யப்படுவதில்லை. சந்திப்பில் பல்லக்கு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதுவே வழி. பள்ளிக்கூடத்துக்குள்ளும், மருத்துவமனை வாசலுக்கும், பெட்ரோல் நிலையத்துக்கும்கூடத் தெய்வம் போய்விடும். எனக்கென்னவோ அதுதான் இன்னும் பிடிக்கிறது.

தாஜியாக்காரர்களைப் பற்றி ஒன்று சொல்லாமல் விட முடியாது. மாட்சு மறைந்த ஆயிரமாவது ஆண்டு நிறைவான 1987இல், சீனத்துக்குப் போக அரசு தடை விதித்திருந்த நிலையில், அக்கோயிலைச் சேர்ந்தவர்கள் ஜப்பான் வழியாகச் சுற்றி மேய்சோ தாய்க்கோயிலுக்குப் போய்ச் சிலையோடு திரும்பினார்கள். அதுவரை பெய்காங் கோயிலை நோக்கிப் போய்வந்த அவர்களது யாத்திரை, மறுஆண்டிலிருந்து சின்காங்குக்குத் திரும்பியது. தாய்க்கோயிலோடு நேரடி உறவு கிடைத்துவிட்ட பிறகு பெய்காங்கைப் பிறந்த வீடு என்று சொல்லிக்கொள்ள அவர்களுக்கு மனமில்லை. பெய்காங்காரர்களிடம் போய் இதைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள்.

கேள்வி: நாங்கள் சுத்த சைவம். லூகாங்கில் பட்டினி கிடக்க நேருமா?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: நேராது, ஆனால் கோயில் வாசலில் தேடாதீர்கள். சுற்றியுள்ள கடைத்தெருவின் பெருமையே கடற்சிப்பி முட்டை அடையும், உப்பிட்டுப் பொரித்த சேற்று இறாலும்தான். வேறு தெருக்களில், பலகையில் சுவஸ்திகைக் குறி இட்ட உணவகங்கள் இருக்கும். பௌத்தச் சைவ உணவுக்கு அதுவே அடையாளம். அங்கே வெங்காயமும் பூண்டும்கூட இராது. முட்டை, பால் சேரும் உணவும் சைவத்தில் ஒரு வகையாகக் கொள்ளப்படுவதால், முட்டை ஆகாது என்றால் அதைத் தனியே சீன மொழியில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டு காட்டுங்கள். ஊரின் பழைய பலகாரங்களுள் அரிசி மாவும் சர்க்கரையும் அச்சில் அழுத்திச் செய்யும் சிறு மாவுருண்டை வகையும், மாட்டு நாக்கின் வடிவில் இருப்பதால் அப்பெயர் பெற்ற தட்டையான இனிப்பு ரொட்டியும் உண்டு. பின்னதன் பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், அதில் இறைச்சி கிடையாது. பன்றிக் கொழுப்புச் சேர்த்திருக்கிறதா என்பதை மட்டும் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.